நகையும் நோக்கும்: தமிழ் இலக்கிய மரபில் உடற்குறையும் கலைவழி நீதியும்

முன்னுரை

உடற்குறை உடையோர் குறித்துத் தமிழ்த் திறனாய்வு பேசியுள்ள இடங்கள் குறைவு. பேசிய இடங்களிலும் அது இரண்டு வழிகளிலேயே பெரிதும் நடந்துள்ளது. ஒன்று இரக்கத்தின் வழி. இதில் குறையுடையவர் துன்பத்தின் உருவாகவும், பிறருடைய அருளுள்ளம் வெளிப்படுவதற்கு ஒரு வாயிலாகவும் நிற்பார். மற்றொன்று வியப்பின் வழி. இதில் அவர் குறையை வென்று உயர்ந்த அரிய மனிதராகப் போற்றப்படுவார். இரட்டைப்புலவரும் அந்தகக்கவி வீரராகவரும் இலக்கிய வரலாற்று நூல்களில் பெறும் இடம் இத்தகையதே. இவ்விரு வழிகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை போலத் தோன்றினும் ஒரே அடிப்படையின்மேல் எழுந்தவை. குறை என்பது தனி ஒருவரின் உடலில் மட்டுமே உள்ளது என்று இரண்டும் கொள்கின்றன. அவ்வுடலைச் சூழ்ந்து நிற்கும் கண்களையும் கைகளையும் கணக்கில் கொள்வதில்லை.

இக்கட்டுரை மூன்றாவது வழி ஒன்றை முன்வைக்கிறது. குறையுடையவரைக் காண்பவர் யார், நகுபவர் யார், அவரோடு தோள் கொடுத்து நிற்பவர் யார் என்னும் உறவு நிலை வினாக்களைக் கொண்டு தமிழ்ப் பனுவல்களை வாசிப்பதே அவ்வழி. கலித்தொகையின் 94ஆம் பாடல் இவ்வாசிப்பிற்கு மையமாக அமைகிறது. பெரியபுராணத்துத் தண்டியடிகள் வரலாறு, இரட்டையர் பற்றிய மரபுச் செய்திகள், இக்கால நாவல், திரைப்படம் ஆகியவை அதனோடு ஒப்புநோக்கப்படுகின்றன.

உரிமையும் நீதியும்

இந்தியாவில் உடற்குறை உடையோர் பற்றிய பொதுச்சொல்லாடல் கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளை மட்டுமே ஏற்றது. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற உடன்படிக்கையை இந்தியா 2007இல் உறுதி செய்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்றது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடிப் பேரை, அதாவது மக்கள்தொகையில் 2.21 விழுக்காட்டினரை, இப்பிரிவில் காட்டியது. தமிழில் ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் பொதுவழக்கில் பின்னுக்குச் சென்று ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் நிலைபெற்றதும் இக்காலப்பகுதியிலேயே.

இவை யாவும் உரிமையின் தளத்தில் நிகழ்ந்த மாற்றங்கள். உரிமை என்பது அரசுக்கும் தனி மனிதருக்கும் இடைப்பட்டது. அதற்கு அப்பால் ‘நீதி’ என்னும் கருத்தை முன்வைத்தவர்கள் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தைச் சேர்ந்த கலைஞர்கள். பேட்டி பெர்ன், லீராய் மூர் ஆகியோர் 2005ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய ‘சின்ஸ் இன்வேலிட்’ என்னும் அரங்கக் குழு, உடற்குறை உடைய கலைஞர்களை, குறிப்பாக வெள்ளையர் அல்லாதாரையும் பாலின விளிம்புநிலையினரையும், மேடையின் நடுவில் நிறுத்தியது. மருத்துவரின் பார்வைக்கோ இரங்குவோரின் பார்வைக்கோ உட்பட்டிருந்த உடல், தன்னைத் தானே காட்டும் உடலாக அம்மேடையில் மாறியது. இக்குழு 2015இல் பத்துக் கோட்பாடுகளை வகுத்தது. ஒருவரையொருவர் சார்ந்து வாழ்தல், அணுகும் வழியைக் கூட்டாக அமைத்தல், பொருளீட்டும் ஆற்றலால் மனித மதிப்பை அளவாமை, மிகுதியாகப் பாதிக்கப்பட்டோரே தலைமை ஏற்றல் என்பன அவற்றுள் சில.

இக்கோட்பாடு ஓர் அரங்கிலிருந்து பிறந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. கலை நிகழும் இடத்திலேயே சமுதாயமும் உருவாயிற்று. யார் ஆடுவர், யார் காண்பர், காண்போர் எவ்வாறு வந்தமர்வர் என்னும் நடைமுறை வினாக்களிலிருந்தே நீதி பற்றிய சிந்தனை முளைத்தது. இதன்பொருட்டுப் பழந்தமிழ்ப் பனுவல்களில் அக்கோட்பாட்டை முன்னரே கண்டுவிட்டோம் என உரிமை கொண்டாடுதல் ஆய்வாகாது. ஆனால் அவ்வினாக்களைப் பனுவல்முன் வைக்கும்போது இதுவரை கவனம் பெறாத சில செய்திகள் வெளிப்படுகின்றன.

நகையின் இலக்கணம்

உடற்குறை தமிழ் இலக்கியத்தில் மிகுதியாக இடம்பெறும் களங்களுள் ஒன்று நகை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைக் கூறும். பிணியையும் மூப்பையும் அது இளிவரலின் பொருளாக்கும். ஆகவே உடலின் தளர்ச்சி இழிவுணர்விற்கு உரியதாகவும், எள்ளல் நகைக்கு உரியதாகவும் இலக்கண நூலிலேயே பிரிந்து நிற்கின்றன. இவ்விரண்டும் இணையும் இடத்தில்தான் குறையுடையவர் நகைப்பொருள் ஆகிறார்.

எள்ளலுக்கு உரை வகுக்கும் பேராசிரியர் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்து நகுதலும் என அது இருவகைப்படும் என்பது அவர் கருத்து. நகை என்பது நகைப்பொருளில் மட்டும் இல்லை; நகுபவர் எவ்விடத்தில் நிற்கிறார் என்பதிலும் உள்ளது என்பதை இப்பகுப்பு உணர்த்துகிறது. எனினும் இதில் இருவரே உளர். எள்ளுவோரும் எள்ளப்படுவோரும் அன்றி, அப்பால் நின்று காணும் மூன்றாமவர் இவ்விலக்கணத்தில் இடம்பெறவில்லை. அம்மூன்றாமவரை வெளிப்படையாகச் சுட்டும் பாடல் கலித்தொகையில் உள்ளது.

மருதக்கலியின் கூனும் குறளும்

சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் நச்சினார்க்கினியர் உரையோடு கலித்தொகையைப் பதிப்பித்தார். அந்நூலின் 94ஆம் பாடல், மருதக்கலியில் 29ஆவதாக அமைவது. அரண்மனையில் பணி செய்யும் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் தம்முள் உரையாடுவதாக அமைந்த இப்பாடலை, அடியோர் தலைமக்களாக வரும் பாடல்களோடு சேர்த்துக் காண்பது உரைமரபு. அன்பின் ஐந்திணைக்கு உரிய தலைமக்கள் வரிசையில் இவர்களுக்கு இடமில்லை. இதனால் பாடத்திட்டங்களிலும் தொகுப்புகளிலும் இப்பாடல் ஒரு வேடிக்கைக் காட்சியாகவே பெரும்பாலும் கடந்து செல்லப்படுகிறது.

பாடலின் நடப்பு வருமாறு: குறளன் கூனியை வழியில் நிறுத்துகிறான். நீருக்குள் அசையும் நிழலைப் போன்ற மென்மை உடையவள் என அவளைப் புகழ்ந்து, தன் வேட்கையைச் சொல்கிறான். அவள் சினந்து அவன் பிறப்பையே இழித்துரைக்கிறாள். சூதாடு பலகையை நிமிர்த்தி நிறுத்தியது போன்றவன் என்றும், பின்னர் ஆமையைத் தூக்கி நிறுத்தியது போலக் கைவீசி நடக்கிறான் என்றும் எள்ளுகிறாள். அவனும் விடுவதாக இல்லை. அவளை எவ்வாறு தழுவுவது என எண்ணிப் பார்க்கிறான். முன்புறம் தழுவினால் நெஞ்சில் ஊன்றும், பின்புறம் தழுவினால் கூச்சம் தரும், ஆகவே பக்கத்தில் சிறிது தழுவிக்கொள்ள இடம் தருக என்கிறான். இவ்வாறு வளர்ந்த பூசல், இறுதியில் அரசன் அடிமேல் ஆணையிட்டு ஒருவரையொருவர் இகழாமல் உசாவுவோம் என்னும் உடன்பாட்டில் முடிகிறது.

இப்பாடலில் மூன்று கூறுகள் கவனத்திற்குரியன. முதலாவது, பேச்சுரிமை. இருவரும் தம் வாயாலேயே பேசுகின்றனர். அவர்களைப் பற்றிப் பிறர் எவரும் பேசவில்லை. இரங்கத்தக்கவராக அவர்கள் தம்மைக் காட்டிக்கொள்ளவுமில்லை. வேட்கை, செருக்கு, சினம், சொல்வன்மை யாவும் அவர்களுக்கு உண்டு. புறநானூற்று 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், கூனையும் குறளையும் உள்ளடக்கிய எட்டு வகைப் பிறப்புகளை எச்சம் என ஒருங்கு தொகுத்து, அவற்றால் பயனில்லை எனச் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்கிறார். அங்கே அவை ஒரு பட்டியலின் உறுப்புகள். இங்கோ அவர்கள் ஆளுமை உடைய இருவர். ஒரே இலக்கியத் தொகுதிக்குள் நிகழும் இவ்வேறுபாடு சிறிதன்று.

இரண்டாவது, உடலின் நடைமுறை. தழுவல் பற்றிய பகுதி கேட்போரை நகைக்க வைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எழுப்பும் வினா மெய்யானது. இலக்கிய மரபு வகுத்த தழுவல், நேர்நிமிர்ந்த உடல்களுக்கு உரியது. அவ்வாய்பாட்டுக்குள் அடங்காத இருவர் தமக்கு ஏற்ற வழியைத் தாமே தேட வேண்டியுள்ளது. ‘பக்கத்தில்’ என்னும் குறளனின் தீர்வு, பொதுவழக்கத்தை மாற்றித் தம் உடலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் முயற்சி. காதலின் அணுகுவழியைக் காதலரே வகுக்கின்றனர் என இதனை வாசிக்க இடமுண்டு.

மூன்றாவதே மிக முக்கியமானது. உடன்பாடு ஏற்பட்டவுடன் கூனி ஒரு நிபந்தனை வைக்கிறாள். இரண்டு பேய்கள் துள்ளுகின்றன என்று சொல்லி அரண்மனையில் உள்ளோர் தம்மைக் கண்டு நகைத்தல் ஆகாது என்பதே அது. ஆகவே சோலைக்குச் செல்வோம், அங்கே வயிறாரத் தழுவுவோம் என்கிறாள். அவையத்தார் ஓலையைக் கட்டிக் காப்பிட்டதைப் போன்று அந்தத் தழுவல் அமையும் என்னும் உவமையோடு பாடல் நிறைகிறது. இவ்விடத்தில்தான் மூன்றாமவர் தோன்றுகிறார். இதுவரை ஒருவரையொருவர் கடுமையாக எள்ளிய இருவரும், பிறர் தம்மைக் கண்டு எள்ளுவதை ஏற்கவில்லை. தம்முள் நகுதல் வேறு, தம்மை நகுதல் வேறு. முன்னது ஒத்த நிலையில் உள்ள இருவரின் விளையாட்டு. பூசலாகத் தொடங்கி நெருக்கமாக முடிவது. பின்னது மேலிருந்து விழும் பார்வை, ஆளைப் பேயாக்குவது.

இவ்வேறுபாட்டைச் சொல்பவள் பெண் என்பதும், அரண்மனைப் பணியாள் என்பதும் மறக்கத்தக்கன அல்ல. உடற்குறை, பெண்மை, அடிமை நிலை ஆகிய மூன்றும் ஒருத்தியிடம் குவிந்துள்ளன. இம்மூன்றின் சுமையையும் தாங்குபவளே பார்வையின் வன்முறையை அறிந்து, அதனினும் விலகிய ஓரிடத்தைத் தெரிவு செய்கிறாள். சோலை என்பது இங்கு மறைவிடம் மட்டுமன்று. நகுவோர் கண் எட்டாத, தமக்கே உரிய வெளி. இறுதி உவமையும் இதனை வலுப்படுத்துகிறது. அவையத்தாரின் காப்பிட்ட ஓலை சட்ட மதிப்புடைய ஆவணம். எவராலும் ஏற்கப்படாத தம் கூட்டத்திற்கு அவள் அவையின் மதிப்பையே உவமையாக்குகிறாள்.

இதற்கு ஒரு மறுப்புக் கூற இயலும். பாடியவர் கூனரோ குறளரோ என்பதற்குச் சான்றில்லை; இப்பாடலைக் கேட்டு மகிழ்ந்தோரும் அரண்மனையையும் அவையையும் சேர்ந்தவராகவே இருத்தல் கூடும்; ஆகவே கூனி அஞ்சிய அதே நகைப்பைத்தான் பாடலும் விளைவிக்கிறது என்பதே அம்மறுப்பு. இது வலுவுடையது; புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் பாடல் தன் கேட்போரை இறுதியில் ஓர் இக்கட்டில் நிறுத்துகிறது. அதுவரை நகைத்து வந்தவர், கூனியின் நிபந்தனையைக் கேட்கும்போது தாமே அந்த மூன்றாமவர் என உணர நேர்கிறது. காதலர் சோலைக்குச் செல்ல, கேட்போர் அரண்மனையிலேயே விடப்படுகின்றனர். அவர்கள் காணாத இடத்தில்தான் கூட்டம் நிகழும். நகைப்பைத் தூண்டி, நகைத்தவரை வெளியே நிறுத்தும் இவ்வமைப்பே பாடலின் தனிச்சிறப்பு.

கயிறும் தோளும்

தனி உடலில் இருந்து உறவுக்குப் பார்வையைத் திருப்பும்போது, நன்கறிந்த பிற வரலாறுகளும் புதிய பொருள் தருகின்றன. பெரியபுராணத்தில் பார்வையற்ற தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைத் தோண்டி அகலப்படுத்துகிறார். குழியில் ஒரு தறி நட்டு, கரையில் மற்றொன்று நாட்டி, இரண்டையும் கயிற்றால் இணைத்து, அதனைத் தடவிக்கொண்டே மண் சுமந்து செல்கிறார். குறையோடு வேலை செய்யும் ஒருவர் தமக்கு ஏற்ற வழியைத் தாமே அமைத்த காட்சியாகச் சேக்கிழார் இதனைத் தெளிவுறப் பாடியுள்ளார். எதிர்ப்போர் அவரைத் தடுக்கும் வழி, அவருடைய கருவிகளைப் பறிப்பதாகவே உள்ளது. குறையன்று, கருவி பறிபோனதே அவரைச் செயலறச் செய்தது என்பதை இக்காட்சி காட்டுகிறது.

ஆனால் வரலாறு இங்கு நிற்கவில்லை. இறுதியில் தண்டியடிகள் பார்வை பெறுகிறார்; அவரை எதிர்த்த சமணர் பார்வை இழக்கின்றனர். கயிறு காட்டிய உண்மையை முடிவு மறுதலிக்கிறது. பார்வையின்மை, முதற்பகுதியில் வாழத்தக்க ஒரு நிலை. முடிவில் நீங்க வேண்டிய குறையாகவும் பகைவர்க்கு உரிய தண்டனையாகவும் ஆகிவிடுகிறது. ஒரே பனுவலில் இரண்டு பார்வைகள் முரண்பட்டு நிற்பதைத் திறனாய்வு மூடி மறைத்தல் தகாது. பக்திச் சொற்பொழிவுகள் முடிவையே போற்றுகின்றன; கயிற்றைப் பற்றி மிகுதியும் பேசுவதில்லை.

இரட்டையர் பற்றிய மரபோ வேறு திசையில் செல்கிறது. கி.பி. 14ஆம் நூற்றாண்டை ஒட்டியவராகக் கருதப்படும் முதுசூரியர், இளஞ்சூரியர் ஆகிய இருவருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். நடக்க இயலாதவர் பார்வையற்றவரின் தோளில் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்று பாடினர் என்பது வழக்கு. பாடலிலும் ஒருவர் முற்பாதியைத் தொடங்க, மற்றவர் பிற்பாதியை முடிப்பர். தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா ஆகியன இவர்தம் நூல்கள். கலம்பகத்திற்கு இரட்டையர் எனப் பிற்காலத்தார் போற்றும் அளவிற்கு அவ்விலக்கிய வகையில் இவர்கள் தலைமை பெற்றனர்.

இங்கு எந்தக் குறையும் நீங்கவில்லை. நீங்க வேண்டும் என்று கதையும் வேண்டவில்லை. இருவரின் உறவே நடையையும் பார்வையையும் பாட்டையும் தருகிறது. மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் பார்வையற்றவரின் துணி நீரோடு போக, கண்ட மற்றவர் அதனைக் கேலியாக முற்பாதியில் பாடினார் என்றும், துணியைக் குறிக்கும் கலிங்கம் என்னும் சொல்லையும் சொக்கலிங்கம் என்னும் இறைவன் பெயரையும் இணைத்துப் பார்வையற்றவர் பிற்பாதியை முடித்தார் என்றும் வழங்கும் கதை இதற்குச் சான்று. கூனும் குறளும் தம்முள் நகைத்ததைப் போன்ற நகையே இதுவும். கேலி செய்தவர் தோளில் அமர்ந்திருப்பவர். கேலிக்கு உள்ளானவர் அவரைச் சுமப்பவர். ஒருவரை ஒருவர் சார்ந்தோரிடையே எழும் நகை எவரையும் வீழ்த்துவதில்லை, பாட்டை முழுமையாக்குகிறது.

‘சார்பு’ என்னும் சொல் இக்காலத்தில் இழிவுப் பொருள் பெற்றுவிட்டது. ஆனால் புலமை மரபு முழுவதும் சார்பின்மேல் எழுந்ததே. ஐயூர் முடவனார் தாமான் தோன்றிக்கோனிடம் ஆனிரையோடு ஊர்தியும் பெற்றதைப் புறநானூற்று 399ஆம் பாடல் காட்டுகிறது. 17ஆம் நூற்றாண்டினரான அந்தகக்கவி வீரராகவர், முதுகில் எழுத்துகளை எழுதச் செய்து கல்வி கற்றார் என்பது மரபு. சேயூர்க் கலம்பகத்தையும் திருவாரூர் உலாவையும் ஏட்டில் எழுதிய கைகள் அவருடையன அல்ல. பெயரற்ற அக்கைகளையும் இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியாகக் காணும்போதுதான் ‘குறையை வென்றவர்’ என்னும் தனிமனிதப் புகழுரை தன் போதாமையைக் காட்டும்.

உருப்படியும் ஆளும்

சார்பு அறுபட்டுச் சந்தை அதன் இடத்தைப் பிடிக்கும்போது நேர்வதை ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ (2003) காட்டுகிறது. பழநியைச் சூழ்ந்த பகுதியில் உடற்குறை உடையோரைப் பிச்சைக்கு அமர்த்திப் பொருளீட்டும் பண்டாரம், அவர்களை ‘உருப்படி’ என்றே அழைக்கிறார். எண்ணிக்கைக்குரிய பொருளைச் சுட்டும் இச்சொல் நாவலின் அறவியலைத் திறந்து வைக்கும் திறவுகோல். முத்தம்மையின் கருப்பையும் இவ்வணிகத்தின் விளைநிலமாகிறது. பொருளீட்டும் ஆற்றலால் மனித மதிப்பை அளக்கலாகாது என்னும் கோட்பாட்டின் நேர் எதிர்நிலை இது. இங்கே குறையே விலைப்பொருள்.

எனினும் நாவலின் வலிமை இக்கொடுமையைக் காட்டியதில் மட்டுமன்று. ‘உருப்படிகள்’ தனித்திருக்கும் பொழுதுகளில் நிகழும் உரையாடல்களே அதன் உயிர். குய்யன், ராமப்பன் முதலியோரின் குத்தலும் நையாண்டியும், தம் முதலாளியையும் கோயிலையும் தம்மையுமே எள்ளுகின்றன. உருப்படி என எண்ணப்பட்டோர் தம்முள் ஆளாக வாழ்வது அந்நகையினால்தான். மருதக்கலியின் சோலைக்கு நிகரான வெளி, இருண்ட இந்நாவலில் அவ்வுரையாடலே.

இந்நாவலைத் தழுவிப் பாலா இயக்கிய ‘நான் கடவுள்’ (2009), உடற்குறை உடைய பலரையே திரையில் தோன்றச் செய்தது. அவர்களுடைய நகையும் திரையில் இடம்பெற்றது. ஆனால் எழுத்தில் இல்லாத ஒரு சிக்கல் திரையில் எழுகிறது. வாசகர் குய்யனின் சொல்லைக் கேட்கிறார். திரையரங்கினரோ அவ்வுடலைக் காண்கின்றனர். காண்போர் எங்கு நிற்கின்றனர் என்னும் கூனியின் கவலை இங்கு மீண்டும் எழுகிறது. இதற்கு மாறாக ‘மொழி’ (2007), ‘பேரன்பு’ (2019) போன்ற படங்கள் கண்ணியமான நோக்குடையன. கேலிக்கு அவற்றில் இடமில்லை. ஆனால் அவற்றின் மையப் பாத்திரங்களைக் குறையற்ற நடிகர்களே ஏற்று நடித்தனர். பார்வை திருந்தியது, மேடையில் இடம் மாறவில்லை.

இச்சிக்கலை இந்திய உச்சநீதிமன்றம் 2024 ஜூலை 8ஆம் நாள் வழங்கிய தீர்ப்பொன்றில் நேராக அணுகியது. 2023இல் வெளிவந்த இந்தித் திரைப்படம் ஒன்று உடற்குறை உடையோரை இழிவுபடுத்துவதாகத் தொடரப்பட்ட வழக்கில், நீதிபதிகள் சந்திரசூட், பர்திவாலா அமர்வு இருவகை நகையை வேறுபடுத்தியது. குறையுடையோரைத் தாழ்த்தி முடக்கும் நகை ஒன்று. குறை பற்றிய பொதுக் கருத்துகளையே கேள்விக்கு உட்படுத்தி, புரிதலை வளர்க்கும் நகை மற்றொன்று. முன்னது தவிர்க்கத்தக்கது, பின்னது ஏற்கத்தக்கது. படைப்பாக்கத்தில் குறையுடையோரின் பங்கேற்பு வேண்டும் என்பதையும் தீர்ப்பு வலியுறுத்தியது.

தம்முள் நகுதலையும் தம்மைக் கண்டு நகுதலையும் பிரித்தறிந்த கூனியின் சொல்லோடு இத்தீர்ப்பை ஒப்பிடுதல் பொருந்தும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நீதிமன்றம் நகையின் உள்ளடக்கத்தையும் நோக்கத்தையும் அளக்கிறது. கலித்தொகைப் பாடலோ நகுபவரின் இடத்தை அளக்கிறது. அங்கே சொல்லப்பட்ட எள்ளல் மொழிகள் இழிவானவையே. சூதாடு பலகை, ஆமை என்னும் உவமைகள் அரண்மனையார் வாயில் வந்திருப்பின் முடக்கும் நகையாகவே அமைந்திருக்கும். சொல் ஒன்றே, சொல்லும் இடமும் உறவும் அதன் அறத்தை மாற்றுகின்றன. திரைப்படத்தையும் மேடையையும் திறனாயும்போது சொற்பட்டியலை மட்டும் தணிக்கை செய்தால் போதாது என்பதை இது உணர்த்தும்.

திறனாய்வின் கடன்

இவ்வாசிப்பு இலக்கியத்தோடு நின்றுவிடுவதன்று. தமிழ்த்துறைகளின் நடைமுறையையும் தொடுவது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வு பற்றியது. குறையுடைய கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் உதவி, அவர்தம் வரலாற்றை எடுத்துரைக்கும் அருங்காட்சியகம், கலை தொடர்பான பாடத்திட்டங்களை அவர்களும் பங்கேற்கும்படி மாற்றியமைத்தல் ஆகியவற்றை அது குறிப்பிடுகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தமும், 2013இல் உருவாகி 2014இல் இந்தியா முதல் நாடாக உறுதிசெய்த மராகேஷ் உடன்படிக்கையும், அச்சு நூலைப் படிக்க இயலாதார்க்கு ஏற்ற வடிவில் அதனை மாற்றுவதற்கு வழி திறந்துள்ளன.

சட்டம் திறந்த வழியில் நடப்பது கல்வியாளர் கடன். பாரதி பிரெய்ல் முறை 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்டது. அவ்வாண்டிலேயே டேராடூனில் நடுவண் பிரெய்ல் அச்சகமும் தொடங்கப்பெற்றது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், தமிழ் இலக்கியம் பயிலும் பார்வையற்ற மாணவர் ஒருவர் சங்க நூல் ஒன்றை உரையோடும் பாடவேறுபாட்டோடும் தாமே படிப்பது எளிதன்று. படமாக மட்டும் மின்னுருவாக்கப்பட்ட பழம்பதிப்பு, திரைபடிக்கும் மென்பொருளுக்கு வெற்றுத்தாளே. உரையாசிரியர் மரபைப் போற்றும் துறை, அம்மரபை அடையும் வழியை ஒரு சாரார்க்கு அடைத்து வைத்திருப்பது முரண். வாசித்துக் காட்டும் நண்பர் ஒருவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி ஆய்வு நடக்குமாயின், அது தண்டியடிகளின் கயிற்றையும் பறித்த நிலையே.

மறுபுறம், தமக்கான வெளியைத் தாமே அமைக்கும் முயற்சிகளும் உள. பார்வையற்றோர் கூடி நடத்திய ‘விரல்மொழியர்’ என்னும் தமிழ் மின்னிதழ் அவற்றுள் ஒன்று. பிறர் எழுதும் பொருளாக இருந்தோர், எழுதுவோராகவும் பதிப்பிப்போராகவும் மாறும் இடம் அது. இத்தகைய இதழ்களின் படைப்புகள் இக்கால இலக்கியப் பாடத்தில் இடம்பெறுதல் இரக்கத்தின்பாற்பட்டதன்று; இலக்கிய வரலாறு முழுமை பெறுதற்கு இன்றியமையாதது.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. உடற்குறை பற்றிய தமிழ்ப் பனுவல்களை இரக்கம், வியப்பு என்னும் இரண்டனுள் அடக்கி வாசித்தல், அப்பனுவல்கள் தாமே சொல்லும் செய்தியைக் குறைத்துவிடுகிறது. நகை என்னும் மெய்ப்பாட்டை ஆராயும்போது எள்ளுவோர், எள்ளப்படுவோர் ஆகியோரோடு காண்போரையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். கலித்தொகை 94 அதற்கு வலுவான சான்று. இரட்டையர் மரபு காட்டும் கூட்டுப் படைப்பு, தனிமனிதச் சாதனை என்னும் அளவுகோலுக்கு மாற்றாக உறவை அளவுகோலாக்குகிறது.

கூனி தன் காதலனோடு அரண்மனையை விட்டுச் சோலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. நகுவோரின் கண்ணுக்கு அப்பால்தான் அவளுக்குக் கண்ணியம் கிட்டியது. அரண்மனை மாறவில்லை. கலையின் வழி நீதி தேடுவோர் முன்னுள்ள பணி, சோலைகளைப் பெருக்குவது மட்டுமன்று. அவையும் அரங்கும் வகுப்பறையும், அவள் நிபந்தனை எதுவும் விதிக்காமல் நுழையத்தக்க இடங்களாக ஆதல் வேண்டும். அவள் உவமையாக மட்டுமே பெற்ற அவையத்தாரின் ஓலை, உரிய பொருளாகவே அவளைச் சேர்தல் வேண்டும்.